என் புத்தகத்தை எதிர்த்து ரொறொன்ரோவுக்கு

"அண்ணை, உங்கட புத்தகம் திரும்ப வருதாம். இந்த முறை என்ர மகளுக்கு."

என் தங்கை ரோசலி ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். வழக்கமாக லண்டன் மழையை விசாரிப்பாள், என் முழங்காலை விசாரிப்பாள். அன்று ஒன்றும் இல்லை. வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் மகள் ஜெனிற்றா வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். என் பழைய படம், அதைச் சுற்றி மல்லிகைப் பூ. எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள் அங்கே நடத்தும் ஒன்றியம், எனக்கு எண்பது வயதானதைக் கொண்டாட, நான் இளைஞனாக இருந்தபோது எழுதிய 'மகளே, உன் தலையை மூடு' என்ற சிறுபுத்தகத்தை மறுபதிப்புச் செய்கிறதாம். சனிக்கிழமை வெளியீட்டு விழா. மறுநாள் ஞாயிறு முதல் தமிழ்ப் பூசையில் பாடும் பெண்கள் எல்லோரும் முக்காடு போட வேண்டும். ஜெனிற்றாதான் அந்தப் பாடகர் குழுவின் தலைவி.

என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

ஒன்றியத் தலைவர் அல்பிறட்டுக்கு எடுத்தேன். ஊரில் என்னிடம் சரித்திரம் படித்தவன்.

"அல்பிறட், உதை நிப்பாட்டு."

"சேர், உங்கட தன்னடக்கம் எங்களுக்குத் தெரியாததே?"

"தன்னடக்கம் இல்லையடா. அந்தப் புத்தகம் பிழை."

"பிழை எல்லாம் திருத்திப் போட்டம் சேர். மனிசி ரண்டு தரம் வாசிச்சவ. ஒரு குத்து, ஒரு கொம்பு பிசகாது."

இப்படிப்பட்ட அன்போடு தொலைபேசியில் சண்டை பிடிக்க முடியாது. நேரில் போய்த்தான் பிடிக்க வேண்டும். "நான் வாறன்," என்றேன். மறுமுனையில் அல்பிறட் அழுதுவிட்டான். விழாவுக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை நான் வந்து சேர்ந்தேன். என் பெட்டி வரவில்லை. அதற்குள்தான் என் தடித்த கோட்டும், காதை மூடும் தொப்பியும், விழாவில் வாசிக்க வேண்டும் என்று எழுதி வைத்த பேச்சும் இருந்தன. விமான நிலையத்தில் அங்குமிங்கும் ஓடிய பஞ்சாபி ஊழியர் ஒருவர், "உங்கள் பெட்டி உங்களைவிட நல்ல ஊர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஐயா," என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். ஜெனிற்றா தன் கழுத்துச் சால்வையை அவிழ்த்து என் கழுத்தில் சுற்றினாள்.

"டோன்ட் வொறி மாமா. வீட்டில எல்லாம் இருக்கு. அம்மா அறைக்கு ஹீற்றர் கூடப் போட்டிட்டா."

நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கறுத்துப்போன பனி குவிந்து கிடந்தது. லண்டனில் பனி விழுந்தால் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடி வருவோம், பேருந்துகள் நின்றுவிடும், பள்ளிக்கூடம் பூட்டிவிடுவார்கள். இங்கே பனியைப் பழைய கடன்காரனைப் போல நடத்துகிறார்கள். தள்ளிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மில்லிக்கனில் ரோசலியின் வீடு இருக்கும் தெருவில் ஒவ்வொரு வீட்டின் முகத்திலும் முதலில் தெரிவது காரின் அறைதான். மனிதர்கள் அதற்குப் பின்னால் குடியிருக்கிறார்கள்.

இடியப்பம், சொதி, கட்டைச் சம்பல், இறால் குழம்பு. ரோசலி பரிமாறினாள். என்னைவிட ஏழு வயது இளையவள். முழுதும் நரைத்த தலைமுடியைக் காதோடு ஒட்ட வெட்டியிருந்தாள்.

"நாளைக்கு வெளியில போறதெண்டால் உதைப் போடுங்கோ," என்று ஒரு கம்பளித் தொப்பியை மேசையில் வைத்தாள். பேரன் விட்டுவிட்டுப் போனதாம். கண்ணைப் பறிக்கும் நீலம், முன்னால் பனிக்கட்டியில் ஹொக்கி விளையாடும் அணி ஒன்றின் சின்னம், உச்சியில் தோடம்பழம் அளவு பஞ்சுப் பந்து.

"உதைப் போட்டால் நான் சர்க்கஸ்காரன் மாதிரி இருப்பன்."

"காது முக்கியமோ வடிவு முக்கியமோ?"

சாப்பாட்டின் நடுவே ஜெனிற்றா சொன்னாள்: "நான் போடமாட்டன் மாமா. முக்காடு போடாட்டில் கொயரில இடமில்லை எண்டு கொமிற்றி சொல்லிப்போட்டுது. அப்ப கொயர் இல்லை. தட்ஸ் இற்."

சொல்லிவிட்டுத் தாயைப் பார்த்தாள். ரோசலி இடியப்பத் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். நான் இறாலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன். ஏனென்று சொல்லிவிட வேண்டும்.

ஊரில் நான் பங்குச் சபையின் செயலாளர், கல்லூரியில் சரித்திர ஆசிரியர், யாரும் எதிர்த்துப் பேசாத இளைஞன். ரோசலி பாடகர் குழுவின் முதற்குரல். அவள் பாடினால் கடற்கரையில் வலை காயப்போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று பங்குச் சுவாமி சொல்வார். பெண்கள் தலையை மூட வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு அந்த நாட்களில் உலகமெங்கும் தளர்ந்து வந்தது. ஒரு பெருநாள் பூசையில் ரோசலி முக்காடு இல்லாமல் பாட வந்து நின்றாள். நான் பாடகர் மேடைக்கு ஏறிப்போனேன். கஞ்சி போட்ட வலைத்துணி ஒன்றை அவள் தலையில் போட்டு, நாடிக்குக் கீழே நானே முடிச்சும் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். அவள் முடிச்சை அவிழ்த்து, துணியை ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டு, படியிறங்கி வெளியே போனாள். அன்றே அவள் பெயரைப் பாடகர் குழுவிலிருந்து வெட்டினேன். அதற்குப் பிறகு அவள் கோயிலில் வாய் திறக்கவில்லை. பூசைக்கு வருவாள். பாட மாட்டாள்.

பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள்: ஏன் வெட்டினீர்கள்? பதிலாகத்தான் அந்தப் புத்தகத்தை எழுதினேன். அதைப் பக்தியால் எழுதினேன் என்று இத்தனை காலம் எல்லோரும் நம்பினார்கள். இல்லை. தங்கை என் சொல்லை ஊர் முன்னால் கழற்றி வைத்துவிட்டாள் என்ற கோபத்தில் எழுதினேன். புனித சின்னப்பர், அதாவது பவுல், எழுதிய திருமுகத்தைத் துணைக்கு இழுத்தேன். அது போதாதென்று, கல்லூரிப் பாடப்புத்தகத்தில் இருந்த ஓர் இங்கிலாந்து அரசியின் படத்தையும் இழுத்தேன். 'நாகரிகத்தின் உச்சியில் உள்ள இங்கிலாந்திலேயே அரசிமார் தலையை மூடிப் பணிவு காட்டினார்கள்; கரையோரத்துப் பெண்ணுக்கு என்ன வந்தது?' என்று எழுதினேன். அந்த வரியை ஊரில் மனப்பாடம் செய்தவர்கள் இருந்தார்கள்.

பிறகு போரில் நாடு எரிந்தது. லண்டனுக்கு வந்தேன். சரித்திர ஆசிரியருக்கு அங்கே கிடைத்த வேலை, ஓர் அருங்காட்சியகத்தில் உடுப்புகள் வைத்த அறைக்குக் காவல். ஓய்வு பெறும்வரை அந்த அறையிலேயே நின்றேன். என்னைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டிகளில் இங்கிலாந்துப் பெண்களின் தலைகள். கடவுள் தண்டனை கொடுப்பதிலும் பொருத்தம் பார்க்கிறவர்.

வியாழக்கிழமை ரோசலியை அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் புறப்பட்டேன். அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் இங்கிலாந்துப் பெண்களின் பழைய தலையணிகளைக் காட்சிக்கு வைத்திருப்பதாக ஜெனிற்றா கண்டுபிடித்திருந்தாள். பாதி வழியில் நிலக்கீழ் ரயில் நின்றது. காரணம் சொல்லவில்லை. எல்லோரையும் மேலே ஏற்றி, பனிக்குள் நிறுத்தி, ரயிலுக்குப் பதிலாக வரும் பேருந்துக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். லண்டனில் இந்நேரம் வரிசை கட்டியிருப்போம், வரிசைக்குள் நின்று முணுமுணுத்திருப்போம். இங்கே வரிசையும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை, வெளிப்படையாகவே திட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் சிநேகிதிக்குச் சொன்னாள்: "இந்த ஊரில் ரயில் என்பது ஒரு வதந்தி." பேருந்தில் தலையை நன்றாக மூடிக் கட்டியிருந்த ஒரு சோமாலியப் பெண் எழுந்து எனக்கு இடம் தந்தாள். என் நீலத் தொப்பியைக் காட்டி, "அவர்கள் இந்த வருடமும் தோற்பார்கள், ஆனாலும் நல்ல மனசு உங்களுக்கு," என்றாள். அணியைச் சொல்கிறாள் என்பது எனக்கு விளங்கவே இரண்டு தரிப்பிடம் ஆனது.

அருங்காட்சியகத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கண்ணாடிக்குள் முதலில் இருந்தது, எலும்புக்கூடு போல வளையங்கள் வைத்துப் பட்டால் மூடிய ஒரு பெரிய கூடு. உயரமாகக் கொண்டை கட்டிய சீமாட்டிகள் கொண்டை நசுங்காமல் இருக்கப் போட்டது. முன்னால் ஒரு நாடா. இழுத்தால் விரியும், விட்டால் பின்னால் மடிந்து விழும்.

ரோசலி குனிந்து பார்த்தாள். "உது பிள்ளை தள்ளுற வண்டிலின்ர மூடியெல்லோ?"

"அதே மாதிரித்தான். குதிரை வண்டிக் கூரையைப் பார்த்துச் செய்தது."

"பணிவு எண்டு எழுதினியள். உதுக்குள்ள எங்க பணிவு?"

புத்தகத்துக்குள் நான் எழுதியதை அவள் எடுத்துப் பேசியது அதுதான் முதற்தடவை. அந்தக் கண்ணாடி முன்னால் நின்று, என் காவற் காலத்தில் படித்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

மிகப் பழைய காலத்தில் இங்கிலாந்தில் கலியாணமான பெண் தலையை மூடினாள், நாடியையும் கழுத்தையும் சேர்த்து வெள்ளைத் துணியால் சுற்றினாள். கலியாணமாகாதவள் முடியைத் தொங்கவிட்டாள். கடவுளுக்காக அல்ல, யாருடைய பொருள் எது என்று தெருவுக்குத் தெரிவதற்கு. பிறகு நெற்றிக்கு மேல் வீட்டுக் கூரை போல முக்கோணமாக நிற்கும் ஹூட் என்ற தலையணி வந்தது. என் பாடப்புத்தகத்து அரசி போட்டிருந்தது அதுதான். கம்பி, முத்து, வெல்வெற். பணிவுக்கு முத்து எதற்கு என்று நான் அன்று யோசிக்கவில்லை. அதன் பின் பிரான்சிலிருந்து வட்டமான ஹூட் வந்தது. அது பின்னால் நகர்ந்து நகர்ந்து முன்முடியை வெளியே காட்டியது. பிரசங்கிமார் பிரசங்க மேடையில் ஏறிக் கத்தினார்கள். தலையை மூடவில்லை என்று அல்ல ரோசலி, மூடியதே கர்வம் என்று. மனைவிமாரைக் கட்டிக் கட்டி விலக்கிய ஓர் அரசரின் காலத்தில் ஒரு சட்டமே இருந்தது: மனைவி அப்படிப்பட்ட ஹூட் அணிந்தால், புருஷன் போருக்கென்று ஒரு குதிரை வளர்க்க வேண்டும்.

ரோசலி சிரித்தாள். "அப்ப மனிசியின்ர தலையைப் பாத்து மனிசனுக்கு வரி."

இன்னொன்றையும் சொன்னேன். பிள்ளை பெற்ற பெண் முதன்முதலாகக் கோயிலுக்கு வரும்போது வெள்ளை முக்காடு போட வேண்டும் என்று அங்கே வற்புறுத்தினார்கள். ஒரு நகரத்தில் ஒருத்தி மறுத்தாள். திருச்சபை அவளை விலக்கி வைத்தது. அவள் நீதிமன்றம் போனாள். நீதிபதிகள் ஆயர்மாரிடம் கேட்டார்கள், ஆயர்மார் 'இது பழைய வழக்கம்' என்றார்கள், அவள் தோற்றாள்.

"அவளின்ர பேர் தெரியுமோ?"

"தெரியும்."

"வெட்டினவனின்ர பேர்?"

நான் வெளிவாசல் பக்கம் திரும்பினேன்.

திரும்பும்போது அவள் என்னைப் பார்க்டேலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கனடாவுக்கு வந்த புதிதில் அவள் குடியிருந்த கட்டடம் அங்கே இருந்தது. முன்னொருகால் தமிழர் நிறைந்திருந்த தெருவில் இப்போது திபெத்தியர் கடைகள். ஒரு கடையில் ஆவி பறக்கும் மோமோ, அவர்களுடைய கொழுக்கட்டை, சாப்பிட்டோம். மிளகாய்ச் சட்னி கட்டைச் சம்பலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போல இருந்தது. ரோசலி ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைக் காட்டினாள்.

"உந்தக் கட்டடத்தின்ர அடியில உடுப்புத் தோய்க்கிற அறை. அங்கதான் பாடுவன். நாலு மெஷினையும் ஒண்டாப் போட்டால் ஒருத்தருக்கும் கேளாது."

"ரோசலி, நான் செய்தது..."

"மன்னிப்பு வேண்டாம் அண்ணை. அதை வைச்சு நான் என்ன செய்யிறது? புத்தகத்தை நிப்பாட்டுங்கோ." கடைசி மோமோவை என் தட்டில் வைத்தாள். "ஆறமுன்னம் சாப்பிடுங்கோ."

வெள்ளிக்கிழமை அல்பிறட் வந்து என்னைக் கோப்பிக்கடைக்கு ஏற்றிக்கொண்டு போனான். அவனுக்கு லொறிகளுக்கு வழி சொல்லும் வேலை. கதைக்கும்போதும் ஒரு காதில் கருவி மினுங்கிக்கொண்டே இருந்தது. ஸ்காபுரோவின் அந்தக் கடையில் கனடாக்காரரின் கோப்பியும் எங்கள் மட்டன் ரோல்ஸும் ஒரே மேசையில் சமாதானமாக இருந்தன. ரோல்ஸ் அல்பிறட்டின் மனைவி கட்டிக் கொடுத்தது. கடைக்காரப் பெண் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள். லண்டனில் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

அல்பிறட் தான் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு பிரதியை இரண்டு கையாலும் நீட்டினான். அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பளபளக்கும் வண்ணத்தில் ஓர் ஆங்கிலேய அரசி. தலையில் வட்டமான பிரெஞ்சு ஹூட். முன்னால் நடுவகிடு எடுத்த முடி அழகாகத் தெரிந்தது.

"இந்தப் படம் எங்கால எடுத்தனி?"

"கூகிளில சேர். வடிவான முகம் பாத்து எடுத்தது."

"அல்பிறட், கர்வம் எண்டு அந்த நாட்டுப் பிரசங்கிமார் திட்டித் தீர்த்த ஹூட் உதுதானடா. முடியும் தெரியுது. முக்காடு போடு எண்டு சொல்லுற புத்தகத்துக்கு, முக்காட்டை மதிக்காதவளின்ர படம் போட்டிருக்கிறாய்."

அவன் அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான், கிட்டப் பிடித்துப் பார்த்தான். "சனத்துக்கு உது தெரியாது சேர்."

"எனக்குத் தெரியும். உள்ளுக்கு எழுதினதும் பொய். நான் கோவத்தில எழுதினது."

அல்பிறட் கோப்பியைக் கீழே வைத்தான். "சேர், நான் சொன்னால் கோவிக்கக்கூடாது. எங்கட பிள்ளையள் ஒண்டொண்டாக் கோயிலை விட்டுப் போகுதுகள். பாஷை போச்சுது. பாட்டு விளங்குதில்லை. ஏதாவது ஒண்டை இறுக்கிப் பிடிச்சால்தானே நாங்கள் நாங்களா இருக்கலாம்?"

"பிடிக்கிறதெண்டால் உன்ர தலையைப் பிடி. ஏன் ஜெனிற்றான்ர தலையைப் பிடிக்கிறாய்?"

"நீங்கள்தானே சேர் படிப்பிச்சனீங்கள்," என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னான். அதுதான் கூடுதலாகக் குத்தியது.

சனிக்கிழமை விழா. மில்லிக்கனில் கடைத்தொகுதி ஒன்றின் பின்பக்கத்தில், தளபாடக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே ஒரு விருந்து மண்டபம். என் பயணப் பெட்டி இன்னும் வரவில்லை. அல்பிறட்டின் கோட்டை எனக்குப் போட்டுவிட்டார்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை. ஒவ்வொருவரும் "நேரம் கருதி" என்று தொடங்கி நேரத்தைக் கருதாமல் பேசினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பின்னால் பிள்ளைகள் கதிரைகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கொத்துரொட்டி அடிக்கும் சத்தம் சமையலறையிலிருந்து வந்ததும் சபை பாதி திரும்பிவிட்டது.

நான் எழுந்தேன். எழுதி வைத்த பேச்சு இல்லை, நல்லதாகப் போயிற்று. தாளைப் பார்க்காமல் சொன்னேன். இந்தப் புத்தகத்தில் நான் எழுதிய இங்கிலாந்து பொய் என்றேன். அட்டையில் இருக்கும் அரசியின் தலையைப் பாருங்கள் என்றேன். பெண்ணின் தலையை மூடுகிறவன் எந்தக் காலத்திலும் கடவுளின் பேரைச் சொல்லித் தன் அந்தஸ்தைத்தான் மூடிக் காப்பாற்றியிருக்கிறான், நானும் அதைத்தான் செய்தேன் என்றேன். என் சொந்தத் தங்கையின் பாட்டை நான் நிறுத்தினேன், அவள் இந்த மண்டபத்தில் இருக்கிறாள் என்றேன். குதிரைச் சட்டத்தையும் சொன்னேன். "தயவு செய்து இதை வெளியிடாதீர்கள். பெட்டியோடு என்னிடம் தந்துவிடுங்கள்."

குதிரைக்குச் சிரித்தார்கள். முடிவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு அடுத்துப் பேசியவர், "சேர் தன் ஆக்கத்தையே பகிடி பண்ணும் பெருமனம் படைத்தவர்," என்று சொல்லி, முதற் பிரதியை ஒரு காணித் தரகருக்குக் கொடுத்தார். படமெடுத்தார்கள். நான் நடுவில் நின்றேன். வரிசையாக வந்து என்னிடமே கையெழுத்துக் கேட்டார்கள்.

"போடமாட்டன்," என்றேன்.

"சேருக்குக் கை நடுக்கம் போல," என்று ஒருவர் பரிவோடு மற்றவருக்குச் சொன்னார்.

ஜெனிற்றா காரை எடுத்தாள். ரோசலி பின்னாசனத்தில் இருந்து சொன்னாள்: "தமிழரின்ர மண்டபத்தில பேசி ஒண்டையும் நிப்பாட்டேலாது அண்ணை. கொத்துரொட்டியை நிப்பாட்டியிருந்தால் கேட்டிருப்பினம்."

மரியாதை என்பது எவ்வளவு தடித்த துணி என்று அன்று விளங்கியது. அதை என் மேல் போர்த்தி, வாயையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

ஞாயிறு காலை கடுங்குளிர். கோயிலில் தமிழருக்கு மத்தியானத்தில்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் பிலிப்பீன்ஸ்காரர்கள் பாடி முடித்து, முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்கள். வாசலில் அல்பிறட்டின் மனைவி ஒரு கூடையோடு நின்றாள். கூடைக்குள் வெள்ளை வலைத்துணிகள், ஒன்றொன்றும் இஸ்திரி போட்டு மடித்தது. பாடகர் குழுப் பெண்கள் தயங்கித் தயங்கி எடுத்தார்கள். சிலர் போட்டார்கள், சிலர் கையில் வைத்துக்கொண்டார்கள். ஜெனிற்றா கூடையைக் கடந்து நேரே போய், பாடகர் இடத்தில், வெறுந்தலையோடு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து நின்றாள். ஒன்றியத்தின் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஒலிவாங்கிப் பக்கம் நகர்ந்தார். ஊர்ப் பெருநாளில் படியேறிய என் கால்களை நான் அவரில் பார்த்தேன்.

நான் நடுவழியாக நடந்து முதல் வரிசைக்குப் போனேன். தலையில் நீலத் தொப்பி. உச்சியில் பஞ்சுப் பந்து ஆடியது. கழற்றவில்லை.

ஒலிவாங்கிக்குப் போன மனிதர் நின்றுவிட்டார். பின்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. அல்பிறட் குனிந்தபடி வந்து என் காதுக்குள் சொன்னான்: "சேர், தொப்பி."

"ஓம், தொப்பிதான்."

"கழட்டுங்கோ சேர். கோயிலெல்லோ."

"கழட்டமாட்டன்."

"சேர், ஆம்பிளையள் தலையைத் திறந்து வைக்க வேணும். திருமுகத்திலயே கிடக்கு. உங்கட புத்தகத்திலயும் கிடக்கு."

"அதேதான். பொம்பிளையள் மூட வேணும் எண்டு சொன்ன அதே இடத்தில, நாங்கள் திறக்க வேணும் எண்டும் கிடக்கு. ஒரு பாதியை நான் மீறுறன். முதல்ல வந்து என்னை வெளியில போடு. பிறகு ஜெனிற்றாட்டப் போ."

"சேர், பகிடி விடாதையுங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். இங்கிலாந்தில அந்தக் குதிரைச் சட்டம் போட்ட அரசரின்ர மகள் ஆண்ட காலத்தில, ஞாயிற்றுக்கிழமை கம்பளித் தொப்பி போடாதவனுக்குக் குற்றம். தொப்பி பின்னுறவையின்ர பிழைப்புக்காகப் போட்ட சட்டம். தலைக்குப் போட்ட சட்டமெல்லாம் அப்பிடித்தான் அல்பிறட். இண்டைக்கு நான் அதைக் கடைப்பிடிக்கிறன்."

"நான் உங்களை எப்பிடி வெளியில போடுறது?" அவன் என் பக்கம் இன்னும் குனிந்தான். "என்னைப் படிப்பிச்ச மனிசன் நீங்கள்."

"அவ என்ர மருமகள். அவவை எப்பிடிப் போடுவாய்?"

மணி அடித்தது. பூசை வைக்கும் சுவாமி வாசலில் வந்து நின்று பாட்டுக்காகக் காத்திருந்தார். யாரும் பாடவில்லை. அல்பிறட் என்னைப் பார்த்தான், ஜெனிற்றாவைப் பார்த்தான், வாசலில் கூடையோடு நின்ற மனைவியைப் பார்த்தான். பிறகு ஒலிவாங்கிக்கு அருகில் நின்றவரை இரண்டு விரலால் சைகை காட்டிக் கூப்பிட்டு இருத்திவிட்டு, தானும் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். "பாடச் சொல்லுங்கோ," என்றான், யாருக்கு என்றில்லாமல்.

ஜெனிற்றா தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்தார்கள். சிலர் வலைத்துணியை எடுத்து மடித்து வைத்தார்கள். ஒரு வயதான பெண் மட்டும் போட்டபடியே பாடினாள். அவளுக்கு அது பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. அவள் போடட்டும். அவள் தலையில் எனக்கு என்ன வேலை?

அடுத்த ஞாயிறு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கூடை திரும்பி வரலாம். புத்தகங்கள் வீடு வீடாகப் போய்விட்டன. அவற்றை என்னால் திருப்பி வாங்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தை எழுதிய நானே சொல்கிறேன்: அதை நம்பாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பிரதி இருந்தால் ஆடும் மேசைக்காலுக்குக் கீழே வையுங்கள்.

கனடாக் கோயில்களில் வெப்பமூட்டியை மிச்சம் பார்க்காமல் போடுகிறார்கள். அந்த ஞாயிறு பிரசங்கம் முடிவதற்குள் கம்பளிக்குள் தலை வெந்துபோயிற்று. நெற்றியால் வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. காதுக்கு மேலே ஊசி ஊசியாகக் குத்தியது. கையைத் தூக்கினால் கழற்றப் போகிறேன் என்று நினைப்பார்கள் என்பதால் கையைத் தூக்கவில்லை.

என் மறுபக்கத்தில் இருந்த ரோசலி பீடத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அரிக்குதோ அண்ணை?"

"ஓம்."

"எனக்கும் அரிச்சது," என்றாள். கையை நீட்டித் தொப்பியை என் காதுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். "கடைசிப் பாட்டு முடியுமட்டும் கழட்டாதையுங்கோ."